முன்சீட் யாருக்கு?

"இன்னா சார், அவசரம்னு ஒரு ஊரு எங்க கீது? நாளைக்கி காலையில ஆறு மணிக்கு அங்க வண்டி கீதுன்னு காட்டுது!"

போன வாரம் போனில் இப்படிக் கேட்டவர் ஏழுமலை. சங்கராபுரத்திலிருந்து கல்வராயன் மலைக்கு ஜீப் ஓட்டுபவர். அந்தப் பக்கம் ஓடும் ஜீப்களுக்காக நான் ஒரு இணையதளம் செய்து கொடுத்திருந்தேன் — பார்ப்பவர்களிடம் எல்லாம் பீற்றிக்கொண்டும் இருந்தேன்.

'ஜீப்/வெள்ளிமலை' என்று போனால், அந்த ஊருக்கு அடுத்த வண்டி எப்போது என்று காட்டும். பட்டனை அழுத்தி 'ஜீப்/அவசரம்' என்று போனால் எல்லா டிரைவர்களின் போனும் ஒரே நேரத்தில் அலற வேண்டும். பாம்புக்கடி, பிரசவம்... அதற்காகத்தான் அந்த பட்டன்.

அலறவில்லை. நல்லவேளை, ஏழுமலை சும்மா சோதித்துப் பார்த்தார்.

என்ன கோளாறு? இந்த இணைய முகவரிகளை ரேடிக்ஸ் ட்ரீ என்கிற மரமாக அடுக்கியிருந்தேன். பொதுவான தொடக்கம் அடிமரம். பிரியும் இடத்தில் கிளைகள். 'ஜீப்'புக்குப் பிறகு இரண்டு கிளை. ஒன்று 'அவசரம்'. மற்றது 'எந்த ஊரானாலும் வா'. முதலில் எழுதிய கிளையைத்தான் மரம் முதலில் பார்க்கும்; நானோ இரண்டாவதை முதலில் எழுதித் தொலைத்திருந்தேன். அது அவசரத்தையும் ஒரு ஊராக நினைத்து விழுங்கிவிட்டது!

நிரலில் 'அவசரம்' வரியைத் தூக்கி மேலே போட்டேன். சரியானது. மறுநாள் ஃபைலை ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று வரிகளை இடம் மாற்றினேன்... மறுபடி புட்டுக்கொண்டது. ஏழுமலையிடமிருந்து இன்னொரு போன்.

"ஞாயித்துக்கெழம டிரைவருங்க மீட்டிங் சார். அன்னிக்கும் இப்டி ஆச்சின்னா, இது வேணாம்னுடுவாங்க. உசுரு விஷயம்!"

வெட்கமாக இருந்தது. நேரில் பேசலாம் என்று சங்கராபுரம் போனேன். ஏழுமலையின் ஜீப்பில் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. முதலில் வந்தவர்களையும் பின்னால்தான் அனுப்பினார். முன்சீட் காலி. ஏன் என்று கேட்டேன்.

"அது ஒடம்பு முடியாதவங்களுக்கு சார். கெளம்புற வரைக்கும் யாருக்கும் தரமாட்டேன். யாரு மொதல்ல ஏறுனா இன்னா?"

அட! யார் முதலில் ஏறினால் என்ன? எதை முதலில் எழுதினேன் என்று மரம் ஏன் பார்க்க வேண்டும்?

அங்கேயே லேப்டாப்பைத் திறந்தேன். கிளை பிரியும் ஒவ்வொரு இடத்திலும், சொந்தப் பெயரோடு நிற்பதற்கே முன்சீட். 'எந்த ஊரானாலும்' அதற்குப் பிறகு. வேறெதிலும் சேராததை வாங்கிக்கொள்ளும் 'என்னவானாலும்' கடைசி. வரிகளை எத்தனை முறை கலைத்துப் போட்டாலும் பதில் மாறவில்லை!

ஞாயிறு மீட்டிங்கில் ஏழுமலை பட்டனை அழுத்தினார். அத்தனை போன்களும் அலறின. விசில், கைதட்டல்... என் கண் கலங்கியது. அதில் மறைக்க என்ன இருக்கிறது?

வெற்றிவீரனாகப் போய் ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்தேன்.

ஏழுமலை என்னையே பார்த்தார்.

"சார்... நீங்க பின்னாடி."