முகம் பார்த்து மாடி சொல்பவர்

"அஞ்சுதானே?" என்று கேட்டபடியே ஐந்தை அமுக்கிவிடுகிறார். கேள்வி மரியாதைக்காகக் கேட்பது. பதிலுக்கு அவர் காத்திருப்பதில்லை. ஏறியவர் வாயைத் திறப்பதற்குள் கதவு மூடி, லிஃப்ட் கிளம்பிவிடும். ஐந்தாவது மாடியில் இறங்கும்போது அந்த ஆள் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். ஜோசியக்காரரைப் பார்க்கிற பார்வை. அந்தப் பார்வைதான் நம் லிஃப்ட்காரருக்குச் சம்பளத்துக்கு மேல் கிடைக்கிற வரும்படி.

"வாயால சொல்லி நான் அமுக்குறதுன்னா அதுக்கு நான் எதுக்கு? முகத்தைப் பாத்தா மாடி தெரியணும் சார்" என்பார்.

ஊரில் எழும்பிய முதல் ஐந்து மாடிக் கட்டடம் அது. முதல் லிஃப்ட்டும் அதில்தான். கட்டும்போது இவர் சிமெண்ட் மூட்டைகளுக்குக் காவல் இருந்தார். கட்டி முடித்த பிறகு லிஃப்ட்டில் கால் வைக்க ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை. திறப்பு விழாவுக்கு வந்த கவுன்சிலர்கூட லிஃப்ட் வாசலில் நாடாவை வெட்டிவிட்டு, கைதட்டலை வாங்கிக்கொண்டு, படியில் ஏறிப் போனார். முதலாளி பார்த்தார். "ஜனங்க பழகுற வரைக்கும் நீ உள்ள நில்லுய்யா, ஒரு ஆறு மாசம்" என்றார். இரண்டரை வருடம் ஆகிறது. ஜனங்கள் இன்னும் பழகவில்லை. பழகவிடாமல் இவரே பார்த்துக்கொள்கிறார் என்று வாட்ச்மேன் சொல்வதுண்டு. வாட்ச்மேனுக்கு வெயிலில் நாற்காலி.

முதல் மாடியில் வங்கி. ஏறினதிலிருந்து சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பவருக்கு ஒன்றை அமுக்கினால் போதும். மூன்றாவதில் பதிவு அலுவலகம். நிலமும் அங்கேதான் பதிகிறார்கள், கல்யாணமும் அங்கேதான். கூடப்பிறந்தவர்கள் மூன்று பேர் மூன்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றால் நிலம். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் விழுங்குவதுபோல் பார்த்துக்கொண்டிருக்க, கூட வந்த இரண்டு சிநேகிதர்கள் வாசலையே பார்த்து வியர்த்துக்கொண்டிருந்தால் கல்யாணம். நாலாவதில் வக்கீல்கள். மூன்றில் இறங்கின சில ஜோடிகள் வருடம் திரும்புவதற்குள் நாலுக்கு வந்துவிடுகிறார்கள். "ஒரே ஒரு மாடிதான் சார் வித்தியாசம்" என்பார். ஐந்தாவதில் புதிதாக வந்த ஜிம். ஓடுகிற பட்டையின் மேல் ஏறி நடப்பதற்காக ஊரில் பாதிப் பேர் அங்கே லிஃப்ட்டில் போகிறார்கள் என்று தெரிந்த அன்று அவருக்கு வந்த அதிர்ச்சி இன்னும் முழுதாக இறங்கவில்லை. "நடக்கிறதுக்கா? படியில வந்திருந்தா இந்நேரம் நடந்து முடிச்சிருப்பானே!"

இரண்டாவது மாடி, ஸ்கேன் சென்டர். பரிசோதனைக் கூடமும் டாக்டர் அறையும் அதற்குள்ளேயே. கையில் பெரிய தண்ணீர் பாட்டிலோடு வந்தால் ரெண்டு என்று ஒரு காலத்தில் கணக்கு வைத்திருந்தார். அப்படி ஒருநாள் ரெண்டில் இறக்கிவிடப்பட்டவர் ஜிம்முக்கு வந்த போலீஸ் இன்ஸ்பெக்டர். அங்கே வரவேற்பில் இருந்த பெண், "கூட யாரும் வரலையா சார்?" என்று பரிவோடு கேட்டு ஒரு படிவத்தையும் நீட்டியிருக்கிறாள். அன்றிலிருந்து பாட்டிலோடு முழங்காலையும் பார்க்கிறார். குடித்த தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்பவர்கள் முழங்காலை ஒட்டவைத்துக்கொண்டு நிற்பார்களாம்.

ஏறும்போது ஒரு தடவை முகத்தைப் பார்ப்பதோடு சரி, பிறகு பொத்தான்களைப் பார்த்தபடி நிற்பதால் ஜனங்களுக்கு அவர் முதுகுதான் தெரியும். முதுகை யாரும் ஆள் என்று நினைப்பதில்லை. அதன் எதிரில் எதையும் பேசுகிறார்கள். ஊரை நாலாகக் கிழிக்கும் என்று புறவழிச்சாலையை எதிர்த்து மைக் பிடித்த கவுன்சிலர், அந்தச் சாலை ஓரத்திலேயே நாலு மனை பதிந்துவிட்டு இறங்கினார். மனை மாமியார் பெயரில். "அத்தைக்கு விஷயம் தெரிய வேண்டாம்" என்று மைத்துனனிடம் சொன்னதும் லிஃப்ட்டில்தான். லிஃப்ட்காரருக்குக் காது வரைக்கும் சூடேறியது. முதுகு அசையவில்லை. உள்ளூர்ப் பத்திரிகை நிருபர் இதை எப்படியோ மோப்பம் பிடித்து, அன்று மட்டும் ஏழு தடவை ஏறி இறங்கினார்.

"அண்ணே, ஒரு வார்த்தை சொல்லுங்க. யாரு பேர்ல பதிஞ்சாரு?"

"நான் சுவத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறவன் தம்பி. எட்டாவது தடவையாவது எந்த மாடின்னு சொல்லுங்க."

இப்படிப் பகலெல்லாம் விழுங்கிய அதிர்ச்சிகளை அவர் கொட்டுகிற இடம் ஒன்றே ஒன்று. வீட்டில் மனைவி தையல் மெஷினில் தலையணை உறை தைத்துக்கொண்டிருப்பாள். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் இரண்டே பேர். செருப்பைக் கழற்றுகிறபோதே ஆரம்பித்துவிடுவார்: "ஏம்மா, இன்னைக்கு ஒரு கூத்து கேளு." அவள் மெஷினை நிறுத்தமாட்டாள். "அப்புறம்?" என்பாள். நிலத்துக்காகத் தம்பி அண்ணன் காதைக் கடித்ததைச் சொன்னபோதும் அதே "அப்புறம்?"தான். எதற்கும் அதிராத ஆள் ஒருத்தி எதிரே இருந்தால்தான் அதிர்ச்சியைச் சொல்வதில் ஒரு ருசி இருக்கிறது. இருபத்தாறு வருடமாக அவர் கொட்டக் கொட்ட, அவள் "அப்புறம்" நனையாமல், அந்தக் குடும்பம் நன்றாகவே நடந்தது.

போன மாதம் ஒருநாள் ரெண்டாவது மாடியைப் பற்றிப் பேச்சு வந்தது. "ரிப்போர்ட் கவரைப் பிரிச்சுப் பாத்துக்கிட்டே இறங்குறவங்க தேவலாம்மா. பிரிக்காம மாரோட அணைச்சுக்கிட்டு வருவாங்க சில பேரு. அந்த முகத்தை நீ பாக்கணுமே!" என்றார். மெஷின் நின்றது. "நூல் அறுந்துபோச்சு" என்றாள். அவர் அடுத்த கதைக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை படிக்கட்டில் கிரானைட் பதிக்க ஆரம்பித்தார்கள். குறுக்கே கயிறு கட்டி, 'இன்று முழுவதும் படி இல்லை' என்று அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். இதுவரை லிஃப்ட்டைத் தொடாத பயந்தாங்கொள்ளிகள் எல்லாரும் வரிசையில் வந்து நின்றார்கள். அவர் மாப்பிள்ளை மாதிரி மிதப்பில் இருந்தார். பதினொரு மணி இருக்கும். ஒரு கல்யாண ஜோடி, வியர்த்த சிநேகிதர்கள் இருவர், தோளில் துண்டு போட்ட ஜிம்காரர், டீ வாங்கப் போய்த் திரும்பிய ஸ்கேன் சென்டர் வரவேற்புப் பெண். மூணு, அஞ்சு, ரெண்டு என்று மனசுக்குள் போட்டுக்கொண்டிருக்கும்போதே கடைசியாக ஒருத்தி ஏறினாள். அவர் மனைவி.

முதலில் சந்தோஷம்தான் வந்தது. சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டோமோ என்று பார்த்தார். அது கொக்கியில் தொங்கியது. வங்கியா? அவள் எதையும் தொட்டுப் பார்க்கவில்லை. தண்ணீர் பாட்டில் இல்லை. உறைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிற துணிப்பை தோளில் இருந்தது, ஆனால் காலியாக. முகத்தைப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. ஊர் முழுவதற்கும் மாடி சொன்னவருக்கு, இருபத்தாறு வருடம் பார்த்த முகத்தில் மாடி தெரியவில்லை.

"எத்தனை?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார்.

"ரெண்டு" என்றாள், கதவுக்கு மேலே இருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு.

அப்போதுதான் ஸ்கேன் சென்டர் பெண் அவளைக் கவனித்தாள். "என்னக்கா, இன்னைக்கு லிஃப்ட்ல? எப்பவும் படியிலதானே வருவீங்க!"

லிஃப்ட்காரரின் விரல் பொத்தானுக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது.

"ரிப்போர்ட் வந்துடுச்சுக்கா. டாக்டரம்மாவும் இருக்காங்க. கூட யாரையாவது கூட்டிட்டு வாங்கன்னு போன தடவையே சொன்னோமே, வீட்டுக்காரர் வரலையா?"

"அவருக்கு வேலையை விட்டுட்டு வர முடியாதும்மா."

ஒரு முழம் தள்ளி, அந்த வீட்டுக்காரரின் முதுகு இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளைப் பையன்தான் பொறுமை இழந்து, "அண்ணே, கிளம்பலையா?" என்றான். விரல் அமுக்கியது.

ரெண்டில் இருவரும் இறங்கினார்கள். கதவு மூடியது. கை தன்பாட்டுக்கு வேலையைச் செய்தது, தப்பும் தவறுமாக. ஜிம்காரரை மூன்றில் இறக்கினார்; அவர் பாஸ்போர்ட் போட்டோவும் கையுமாக நின்றவர்களின் வரிசையில் துண்டோடு போய்ச் சேர்ந்துகொண்டார். கல்யாண கோஷ்டியை நாலில் இறக்கினார். இறங்கிய பெண் எதிரே இருந்த பலகையைப் படித்தாள்: 'விவாகரத்து வழக்குகள் விரைந்து முடித்துத் தரப்படும்.' அவள் போட்ட சத்தத்தில் இரண்டு வக்கீல்கள் வெளியே ஓடி வந்தார்கள். "யோவ், லிஃப்ட்டு!" என்று சிநேகிதன் கத்தினான். அதற்குள் லிஃப்ட் இறங்கிக்கொண்டிருந்தது.

மூன்றில் கீழே போக நாலு பேர் ஏறினார்கள். ரெண்டில் கதவு திறந்தது. லிஃப்ட்காரர் வெளியே வந்தார்.

"அண்ணே, கீழ போகணும்."

அவர் திரும்பவில்லை. உள்ளே கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. பிறகு யாரோ ஒருவர் துணிந்து ஒரு விரலை நீட்டினார். கதவு மூடி, லிஃப்ட் நல்லபடியாகக் கீழே இறங்கிப் போனது.

ஸ்கேன் சென்டரில் வரிசையாக இரும்பு நாற்காலிகள். கடைசி நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா?"

"நாலு வாரம். இடது மாருல ஒரு கட்டி. முதல்ல ஸ்கேன் எடுத்தாங்க. அப்புறம் ஊசி போட்டு சதை எடுத்தாங்க. இன்னைக்குச் சொல்லுவாங்க."

"இன்னையோட மூணு தடவை வந்திருக்கே. நான் அங்கேயே நிக்கிறேன். பத்தடி தூரம்."

"அதனாலதான் படியில வந்தேன். லிஃப்ட்ல வந்தா நீங்க முதுகாலயே பாத்துடுவீங்களே."

அவர் அவள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

அவள் துணிப்பையை நாலாக மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். "சொல்லியிருந்தா அதிர்ந்துபோயிருப்பீங்க. மத்தவங்க கதைன்னா சாயந்திரம் என்கிட்ட வந்து கொட்டிடுவீங்க. என் கதையை எங்க கொண்டுபோய்க் கொட்டுவீங்க?"

அவர் வாயைத் திறந்தார். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பழக்க தோஷத்தில், "அப்புறம்?" என்றாள்.

உள்ளிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இவரும் கூடவே எழுந்தார்.

"முதல்ல அவங்க மட்டும் வரட்டும். பரிசோதனை பண்ணணும். முடிஞ்சதும் உங்களைக் கூப்பிடுவாங்க" என்றாள் வரவேற்புப் பெண். சொல்லி முடித்த பிறகுதான், இவர் யார், உள்ளே போகிறவள் யார் என்பது அவளுக்கு உறைத்தது. டீ டம்ளரை மேஜையில் வைத்தாள்.

மனைவி அறை வாசலில் செருப்பைக் கழற்றினாள். ஒன்று நேராகவும் ஒன்று கவிழ்ந்தும் கிடந்தன. கதவு மூடிக்கொண்டது.

கீழே லிஃப்ட் மணி அடித்தது. மறுபடி அடித்தது. யாரோ சுவரில் தட்டி, "அண்ணே!" என்று கூப்பிட்டார்கள்.

லிஃப்ட்காரர் எழுந்து போய் அந்த இரண்டு செருப்பையும் எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டார். வரவேற்புப் பெண் மெதுவாக, "அண்ணே, அங்கேயே இருக்கட்டும், யாரும் எடுக்கமாட்டாங்க" என்றாள். அவர் தலையாட்டினார். பிறகு, முதலாளி தைத்துக் கொடுத்த சீருடையின் கையை உள்ளங்கை வரை இழுத்துவிட்டுக்கொண்டு, செருப்பின் அடியில் ஒட்டியிருந்த கிரானைட் தூளைத் துடைக்க ஆரம்பித்தார்.