கஸ்தூரி மிதித்த பூ

நகராட்சியில் நான் சுகாதார ஆய்வாளராக இருந்த காலத்தில் எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. என்னிடம் திட்டு வாங்காத துப்புரவுப் பணியாளர் கிடையாது, கஸ்தூரியைத் தவிர. பௌர்ணமிக்கு மறுநாள் கிரிவலப் பாதையில் கிடக்கும் குப்பையைப் பதினைந்து வருடம் குனிந்து குனிந்து பெருக்கியவர். இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. அந்த நடையைப் பார்த்தால் எனக்கே திட்ட வாய் வராது.

2003-இல் நகராட்சி ஓர் உரக்கூடம் கட்டியது. கோயிலில் சாமிக்குச் சாத்தி இறக்கிய மாலைகள் அதுவரை குப்பை லாரியில் போய்க்கொண்டிருந்தன. அவற்றை மக்கவைத்து விவசாயிகளுக்குச் சும்மாவே கொடுப்பது என்று தீர்மானம். கஸ்தூரியை அங்கே போட்டேன். நிழலில் உட்கார்ந்து மாலைகளிலிருந்து நைலான் நூலை உருவுவார். பூவைத் தொட்டியில் கொட்டி, சாணிக் கரைசல் தெளித்து, மெல்ல மிதித்து அமுக்குவார்.

"முட்டி இப்ப கொஞ்சம் தேவல சார்" என்று ஒருநாள் சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆனால் ஆணையர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். மூன்று மாதத்துக்குள் யாரும் உரம் எடுக்காவிட்டால் கூடத்தை மூடிவிட வேண்டும். மூடினால் கஸ்தூரி மறுபடி ரோட்டுக்குத்தான்.

முதலில் வந்தவர் கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை போடும் பரசுராமன். உரத்தை அள்ளி முகர்ந்து பார்த்து, "இன்னாம்மா போட்டிருக்கீங்க இதுல?" என்றார்.

கஸ்தூரி பெருமையாக, "பூரா சாமி மாலைங்க" என்றார்.

பரசுராமன் கையை உதறிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சாமி மேல இருந்த பூவ வயல்ல போட்டு மாட்டுக் கால்ல மிதிக்க விடறதா? பாவம்மா, வேணாம்." காலி டிராக்டரோடு திரும்பிவிட்டார். விஷயம் ஊரெல்லாம் பரவ, அதன்பின் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை.

கெடுவுக்கு நாலு நாள் இருக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "இப்ப போடறது மார்க்கெட் வாழையிலைனு சொல்லித் தொலைம்மா!" என்று கத்தினேன். அவரிடம் நான் கத்தியது அந்த ஒரு தடவைதான்.

"பாவம்னு பயப்படற மனுசன ஏமாத்தி மிதிக்க வெக்கறதா சார்? என்னை அவருகிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றார்.

முணுமுணுத்துக்கொண்டே என் வண்டியில் ஏற்றிப் போனேன். பரசுராமன் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். கஸ்தூரி அவரிடம் கெஞ்சவில்லை.

"அய்யா, அந்தப் பூவெல்லாம் நான் தெனமும் மிதிச்சு மிதிச்சுதான் மக்க வெச்சேன். பாவம் எதுனா இருந்தா அது எனக்கு அப்பவே வந்துட்டுதுங்க. உங்களுக்கு வர்றது வெறும் மண்ணுதான். பயப்படாம எடுத்துக்கங்க."

பரசுராமன் அவர் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தொட்டியில் இறங்கி மிதிக்கச் சொன்ன நாங்கள், சாமி பூ மேல் கால் வைப்பது அவருக்கு எப்படி இருக்கும் என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

கடைசி நாள் காலையில் டிராக்டர் வந்தது. பரசுராமன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கஸ்தூரி தூக்கப்போன முதல் கூடையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

"உடும்மா. அந்தப் பாவத்துல பாதி எனக்கு இருக்கட்டும்."