பெட்ஷீட்டில் சிவந்த மஞ்சள்

ஏற்காட்டில் நான் ரிசப்ஷனில் இருக்கும் லாட்ஜில் இன்று காலை நடந்தது இது.

யாரோ மீன்குழம்பு சிந்திய வெள்ளை பெட்ஷீட்டுக்கு, துணி துவைக்கும் மேரியக்கா சோப்புப் போட்டார். மஞ்சள் கறை செக்கச்செவேலென்று ஆகிவிட்டது.

மேனேஜர் பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும் கேட்டார்: "ஏனுங்க, அந்த மூணு நாளைக்கு ஊட்டுலயே இருந்தா என்னங்க?"



நான் ஓடிப்போய் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து பிழிந்தேன். கறை மறுபடி மஞ்சளானது.

"சோப்புல காரம் இருக்குங்க சார். மஞ்சத்தூள் பட்டா செவக்கும், புளிப்பு பட்டா திரும்பிரும். பள்ளிக்கூடத்துல படிச்சதுதானுங்க."

"அது சரிங்க, கிச்சன் எலுமிச்சம்பழத்த யாரக் கேட்டு எடுத்தீங்க?"

அக்காவிடம் அவர் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

வெட்கத்தில் இந்த மேனேஜர் முகம் சிவக்க எந்த சோப்புப் போடவேண்டும்? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.