கறுப்புத் திரையும் இருபத்திரண்டு லேப்டாப்பும்

லேப்டாப் ரிப்பேர் பார்க்கிற அவருக்கு வயது நாற்பத்தெட்டு. அதில் பாதியைக் குனிந்தே கழித்தவர். இப்போதெல்லாம் நிமிர்ந்தால்தான் கழுத்து வலிக்கிறது. "திரை வரலைங்க" என்று யாராவது கடைக்குள் நுழைந்தால், முதல் வேலையாக போன் டார்ச்சைத் திரைமேல் சாய்த்து அடித்துப் பார்ப்பார். மங்கலாக எழுத்து தெரிந்தால், "உயிர் இருக்கு. உள்ள இருக்கிற வெளக்குதான் போச்சு" என்பார். இருபது வருஷமாக இதே டார்ச், இதே வசனம்.

வினை அக்கா ரூபத்தில் வந்தது. அக்கா பள்ளிக்கூடத்தில் கணினி டீச்சர். அவள் அறையில் இருபத்திரண்டு லேப்டாப், எல்லாம் ஒரே மாடல். வைஃபை கார்டுகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போயின. வேறு கார்டு போட்டால் ஏற்காது. சுவிட்சைப் போட்டதும் எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடுகிற சின்ன புரோகிராம் ஒன்று சிப்பில் உட்கார்ந்திருக்கிறது. தன் கம்பெனி கார்டு இல்லையென்றால் அங்கேயே முரண்டு பிடித்து நின்றுவிடும். கம்பெனியோ அந்தக் கார்டு விற்பதையே நிறுத்தியாயிற்று.

"அந்தப் புரோகிராமையே மாத்திட முடியாதாடா?" என்று அக்கா கேட்டாள்.

முடியும். முகம் தெரியாதவர்கள் பலர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளட்டும் என்று பொதுவில் விட்ட புரோகிராம் இருக்கிறது. இந்த மாடலுக்குத்தான் அதை யாரும் பொருத்தவில்லை. "பாக்கிறேங்கா" என்று சும்மா இராமல் வாயைக் கொடுத்துவிட்டு, ஒரு லேப்டாப்பை வீட்டுக்குத் தூக்கி வந்தார். மற்றதைப் பள்ளிக்கூடம் தூக்கிப் போட்டுவிடாமல் தன்னால் முடிந்தவரை பார்த்துக்கொள்வதாக அக்கா சொன்னாள்.

அன்றோடு போயிற்று ஞாயிற்றுக்கிழமை. பின்மூடியில் பதினொரு திருகு. பேட்டரியைக் கழற்றி, சிப்பின் எட்டுக் கால்களையும் கிளிப்பால் கவ்வி, புதிதாகத் திருத்தியதை ஏற்றி, திரும்பப் பேட்டரியை மாட்டி, சுவிட்சைப் போட வேண்டும். விசிறி சுற்றும். திரை கறுப்பு. நோட்டில் தேதி போட்டு, எத்தனையாவது தடவை என்ற கணக்கோடு "137, கறுப்பு" என்று எழுதுவார். உள்ளே எதுவரை ஓடுகிறது என்று எட்டிப் பார்க்க இந்த மாடலில் வழியில்லை. மெமரியை எழுப்புகிற இடத்தில்தான் தான் சொதப்புவதாக அவரே முடிவு கட்டி, அதையே மாற்றி மாற்றி எழுதினார்.

"இன்னைக்கு என்ன கலரு?" என்று மனைவி கேட்பாள்.

"கறுப்புதான்."

"நல்ல கலரு. அழுக்கு தெரியாது."

நூற்றுத் தொண்ணூறைத் தொட்டபோது அக்காவின் போன் வந்தது. "ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்கடா. நானும் எவ்வளவு நாள்தான் மல்லுக்கட்டுறது? நீ என்ன சொல்றே?"

"குடுத்துடுக்கா. என்னால ஆகல."

பழைய சாமான்காரர் லாரி வந்து இருபத்தொன்றையும் அள்ளிக்கொண்டு போனது. அந்த வாரம் அவர் நன்றாகத் தூங்கினார். தூங்கினோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த ஞாயிறு, பழைய புரோகிராமையே ஏற்றித் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று லேப்டாப்பை ஜன்னலோரம் வைத்தார். கைப்பழக்கத்தில் சுவிட்சைப் போட்டுவிட்டுத் திருப்புளி தேடப் போனார். திரைச்சீலையை விலக்க வந்த மனைவி அங்கிருந்தே கூப்பிட்டாள்.

"ஏங்க, இதுல ஏதோ எழுதியிருக்கே?"

சாய்வாக விழுந்த வெயிலில், கறுப்புக்குள் சாம்பலாக எழுத்து. அவர் கை தானாகப் பையிலிருந்து போனை எடுத்து டார்ச்சை அடித்தது. எந்த டிஸ்க்கிலிருந்து ஆரம்பிக்கட்டும் என்று மெஷின் மரியாதையாகக் கேட்டபடி நின்றிருந்தது. "உயிர் இருக்கு" என்றவர் நோட்டை எடுக்க ஓடினார்.

நோட்டைப் பார்த்துப் பழையதை ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றினார். 190க்கு உயிர் இருந்தது. 160க்கு இருந்தது. 137க்கும் இருந்தது. 136தான் நிஜமாகவே பிணம். 137க்கு எதிரே இருந்த தேதி, லாரி வருவதற்கு நாலு மாதம் முந்தியது. திரைக்குப் பின்னால் விளக்கைப் போடச் சொல்லும் ஒரே ஒரு வரி விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். அடுத்தவர் எழுதியது ஓடுகிற மெஷின் கறுப்பானால் அவர் விளக்கைச் சந்தேகப்படுவார். இதுவோ தானே எழுதியது. தன்னை மட்டுமே சந்தேகப்பட்டார், பாவி மனுஷன்.

அக்காவுக்குப் போன் போட்டார்.

"எப்பலேர்ந்துடா வேலை செய்யுது?"

இன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். "நாலு மாசமாக்கா."

"சரி. இருக்கிற ஒண்ணையாவது கொண்டு வா."

விட்டுப்போன வரியைச் சேர்த்தார். வேறு கம்பெனி கார்டை மெஷின் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டது. எழுதியதையெல்லாம் பொதுவில் போட்டபோது, குறிப்பின் தலையில் ஒரு வரி வைத்தார்: திரை கறுப்பாக இருந்தால் முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனார். மேசைகளின்மேல் லேப்டாப் இருந்த இடங்கள் மட்டும் தூசியில்லாமல் சதுரம் சதுரமாகத் தெரிந்தன.

"எங்கக்கா வைக்க?"

"எங்க வேணா வை," என்றாள் அக்கா. "எடத்துக்கா பஞ்சம்?"