நாலு பத்து பஸ்ஸும் பதினொரு பக்க மனுவும்

"மேற்படி தடத்தில் பேருந்து சரியான நேரத்தில் இயக்கப்பட்டு வருகிறது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

சில மாதங்களுக்கு முன்பு எங்கள் அறக்கட்டளைக்கு வந்த பதில் இது. எங்கள் செயலாளர் செல்வராணி இரண்டு முறை படித்துப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். "அதாண்ணே பிரச்சினையே."

விவரமாகச் சொல்கிறேன். வேப்பந்தட்டை பக்கம், மலையடிவாரத்தில் ஒரு கிராமம். அங்கிருந்து மேல்நிலைப் பள்ளிக்கு எட்டு கிலோமீட்டர். சாயங்காலம் ஊர் திரும்புகிற டவுன் பஸ், பள்ளிக்கூட வாசலை நாலு பத்துக்குக் கடந்துவிடும். பள்ளி விடுவது நாலு இருபதுக்கு. அடுத்த பஸ் ஆறே முக்கால். இறங்கும்போது இருட்டிவிடும். அதற்கு மேல் சோளக்காட்டு வழியே நடக்க வேண்டும்.

பெண் பிள்ளையை எந்தப் பெற்றோர் அனுப்புவார்கள்? உள்ளூரிலேயே பத்தாவது முடித்த இரண்டு பெண்கள் போன வருஷம் அதோடு நின்றுவிட்டார்கள். இரண்டு பேரும் செல்வராணி நடத்தும் தையல் வகுப்புக்கு வந்தவர்கள். "தைக்கத் தெரிஞ்சா போதும்னு அவங்க அப்பா சொல்றாரு. எனக்கே என் வகுப்பு மேல கோவம் வருதுண்ணே" என்றார்.

எங்களுடையது சின்ன அறக்கட்டளை. தையல் வகுப்பு, கண் பரிசோதனை முகாம், இலவச நோட்டு... அவ்வளவுதான். நான் துணைத் தலைவர். நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்த நேரத்தில் டீ சொல்ல வெளியே போயிருந்தேன் — வேறு தகுதி எதுவும் எனக்கு இல்லை.

பஸ் நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்போம் என்றார் செல்வராணி. தலைவர் கலியபெருமாள் சார் பதறிவிட்டார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் அவர். "நாம டிரஸ்டும்மா. அரசியல் பண்ணக் கூடாது. பதிவ ரத்து பண்ணிடுவாங்க."

உண்மையைச் சொன்னால் எனக்கும் பயம்தான். மூவருமாக அரியலூரில் இருக்கும் எங்கள் ஆடிட்டரைப் பார்க்கப் போனோம்.

அவர் சிரித்தார். "கட்சிக்கு ஓட்டு கேக்கக் கூடாது. வேட்பாளரோட மேடை ஏறக் கூடாது. புள்ளைங்க படிக்கிறதுக்கு பஸ் கேளுங்க, யாரு வேணாங்கிறா? உங்க பத்திரத்துலயே கல்வின்னு போட்டிருக்கு. வெளிநாட்டுப் பணம் வாங்குனா விதி வேற. வாங்குறீங்களா?"

"வெளியூர்ப் பணமே வர்றதில்லீங்க" என்றார் தலைவர்.

"அப்புறம், ஆபீஸருங்க யாருக்கும் எதுவும் குடுக்காதீங்க."

"ஒரு சால்வை...?"

"அதுவும் வேணாம் சார்."

தலைவர் சால்வையை ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தார்.

தைரியம் வந்ததும் அவரே மனு எழுதினார். பதினொரு பக்கம். முதல் மூன்று பக்கம் சோழர்கள். அடுத்து பெண் கல்வியின் மேன்மை. பஸ் வந்தது ஒன்பதாம் பக்கத்தில். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் வரிசையில் நின்று கொடுத்தோம். அது மேஜை மேஜையாகப் பயணம் செய்தது. யார் எந்தப் பக்கம் வரைக்கும் படித்தார்களோ... கடைசியில் வந்ததுதான் அந்த 'சரியான நேரம்' கடிதம்.

தலைவர் மனமுடைந்து போனார். நான், வழக்கம்போல, "விட்டுடலாமே" என்றேன். செல்வராணி மட்டும் மறுநாள் அந்த நாலு பத்து பஸ்ஸில் ஏறிவிட்டார். கண்டக்டரிடமே கேட்டார்.

"ஏங்க, ஏன் நாலு பத்து?"

"தெரியலீங்க. நான் வேலைக்கு வந்ததுலேருந்து நாலு பத்துதான்."

"அங்க போயி உடனே திரும்பிடுவீங்களா?"

"எங்க? அரை மணி நேரம் சும்மா நிக்குறோம். ஒரு டீக்கடைகூட இல்ல. மாத்துறதுன்னா டெப்போ மேனேஜர் எழுதணுங்க. அவர்ட்ட யாரும் கேட்டதில்ல."

இவ்வளவு மாதம் எங்கள் மனு மாவட்டம் முழுக்கச் சுற்றியிருந்தது — முடிவு எடுக்கிறவரிடம் தவிர.

அதன் பிறகு வேலை சூடு பிடித்தது. கிராம சபையில் தீர்மானம் போட வைத்தோம். பஸ்ஸை விட்டுவிட்டு நிற்கும் பிள்ளைகளின் பெயரைப் பதினைந்து நாள் குறித்து, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினோம். மனுவை ஒரே பக்கமாகச் சுருக்கினோம். சோழர்களை நீக்கியபோது தலைவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

இதற்குள் விஷயம் ஒரு கட்சிப் பிரமுகர் காதுக்கு எட்டியது. செல்வராணி வீட்டுக்கே வந்தார். "எங்க கூட்டத்துல வந்து ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா. அடுத்த வாரமே பஸ் வரும்."

"மேடை வேணாங்க. மனு இந்தாங்க" என்றார் செல்வராணி. "இதையே எதிர்த்தரப்புக்கும் குடுத்திருக்கேன்."

பிரமுகர் அவசரமாகக் கிளம்பினார். அன்றைக்கே டெப்போவுக்கு அவர் ஒரு போன் போட்டதாகக் கேள்வி. எதிர்த்தரப்பு ஒரு மணி நேரம் முந்திவிட்டதாகவும் கேள்வி.

டெப்போ மேனேஜர் மனுவை ஒரே நிமிடத்தில் படித்து முடித்தார். "இருபது நிமிஷம் தள்ளுனா அடுத்த டிரிப் கெட்டுடுமே?"

"அந்தப் பக்கம் நிக்கிற நேரத்துல கழிச்சுக்கலாம் சார். நான் பதினஞ்சு நாள் அதே பஸ்ல போயிப் பார்த்தேன்."

அவர் பேனாவைத் திறந்தார். பிறகு, மனுவோடு இணைத்திருந்த அந்த 'சரியான நேரம்' கடிதத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் வருத்தத்துடன் கேட்டார். "பள்ளிக்கூடம் நாலு இருபதுக்கு விடுறாங்கன்னு மொத மனுவுலயே சொல்லிருக்கலாமேம்மா?"

"சொல்லியிருந்தோம் சார். ஒம்பதாம் பக்கத்துல."

தலைவர் மின்விசிறியைப் பார்த்தார்.

இந்த ஜூனிலிருந்து அந்த பஸ் நாலரைக்கு வருகிறது. நின்றுபோன இரண்டு பெண்களில் ஒருத்தி பதினொன்றில் சேர்ந்துவிட்டாள். இன்னொருத்தி அதற்குள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். அவள் அம்மாவைப் பார்த்து பஸ் வந்துவிட்டதாகச் சொன்னோம். "போன வருஷம் வந்திருக்கலாம்ல" என்றார். பத்து பக்கம் கூடுதலாக எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று இனி நான் கேட்க மாட்டேன்.

பள்ளிக்கூட வாசலில் இப்போது இரண்டு பிளெக்ஸ் இருக்கின்றன. 'எங்கள் முயற்சியால் பேருந்து' என்று ஒன்று. 'எங்கள் தொடர் முயற்சியால்' என்று இன்னொன்று. நம் பெயரில் மூன்றாவதாக ஒன்று வைத்தால் என்ன என்று தலைவருக்கு ஆதங்கம். செல்வராணியோ இரண்டு தரப்புக்கும் நேரில் போய் நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

"ரெண்டு பேரும் பேரு போட்டுக்கிட்டாங்கள்ல சார்? இனிமே இந்த பஸ்ஸ நிறுத்த எவனுக்கும் தைரியம் வராது."