அம்பலத்தார் தோளில் ஊற்றிய தண்ணீர்

மலையம்மாளை இரண்டு நாட்டிலும் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. பர்மாவில், பெகு பக்கத்து நெல் மில்லில் உமி அள்ளிக்கொண்டிருந்த காலம் வரைக்கும் அவள் ‘கலா’. இந்தியாவிலிருந்து போன கருப்பு மனுசர்களுக்கு அங்கே அதுதான் பேர். கப்பல் ஏறி மதராசில் இறங்கி, கோட்டையூருக்கு மேற்கே நெடுவயலில் குடிசை போட்ட நாளிலிருந்து அவள் ‘பர்மாக்காரி’. இரண்டு பேருக்கும் திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தாள். பேரா சோறு போடுது என்பது அவள் கட்சி.

அவள் பிறந்ததே அங்கேதான். அப்பனும் ஆத்தாளும் செட்டியார் பண்ணையில் நடவுக்கும் அறுப்புக்கும் என்று போனவர்கள். போன இடத்திலேயே மண்ணாகிவிட்டார்கள். அறுபத்து நாலில் கடை, மில் எல்லாவற்றையும் அந்த நாட்டுச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. வெளியூர்க்காரர்கள் கிளம்பலாம் என்று பேச்சு வந்தது. காதில் கழுத்தில் கிடந்ததைத் துறைமுகத்துச் சர்க்கார் ஆளிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு, புருசன் சின்னக்கருப்பும் அவளும் ஒரு தகரப்பெட்டியோடு வந்து சேர்ந்தார்கள். திருப்பத்தூர் பக்கம் இருந்த அவன் அப்பன் ஊருக்குப் போனால், பங்காளிகள் வாசலிலேயே நிற்க வைத்துத் தண்ணீர் கொடுத்து, “எப்பப் புறப்படுறீக?” என்று கேட்டார்கள். அப்படித்தான் நெடுவயலுக்கு வந்தது. அங்கே செங்கல் காளவாசலில் வேலை இருந்தது, ஊரை ஒட்டிப் புறம்போக்கு இருந்தது. அவர்களைப் பார்த்து, அதே கப்பலில் வந்த இன்னும் ஆறு வீடு வந்தது. அதில் ஒன்று ஷரபுன்னிசா வீடு. அவள் புருசன் காரைக்குடியில் கைலி எடுத்து சைக்கிளில் விற்கிறவர். ஏழு குடிசைக்கும் சேர்த்து ஊர் வைத்த பேர் ‘பர்மா வரிசை’.

நாலு வருசம் யாரும் யாரையும் தொந்தரவு செய்யவில்லை. வரிசைப் பெண்கள் கைலி கட்டுவதையும், வேலை முடிந்து உட்கார்ந்து சுருட்டுப் புகைப்பதையும் ஊர்ப் பெண்கள் வாயில் கை வைத்துப் பார்த்தார்கள். பிறகு அதுவும் பழகிப்போனது. அறுபத்தெட்டில் ஐப்பசி மழை, கார்த்திகை மழை இரண்டும் ஏமாற்றின. அதோடு பேச்சு மாறியது.

நெடுவயலுக்குக் குடிதண்ணீர் ஊரணிதான். மழையில் நிறைந்தால் அடுத்த மழைவரை அதுதான் கஞ்சிக்கும் குழம்புக்கும். அதில் கால் நனைக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது. யார் படியில் இறங்கலாம் என்பதற்கு பர்மாக் கப்பல் வருவதற்கு முன்பே ஊரில் ஒரு கணக்கு இருந்தது. தெற்குத்தெருவுக்குத் தனிக் கிணறு. அந்தக் கணக்கைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நாலு வருசமாக அதில் தண்ணீர் எடுத்துவந்த பர்மா வரிசை மட்டும்தான் பேச்சு. பங்குனி முடிவதற்குள் தண்ணீர் கீழ்ப்படிக்கு இறங்கிவிட்டது. சித்திரை ஒண்ணாந் தேதி வருசத்து முதல் உழவுக்கு நல்லேர் கட்டி முடித்ததும் கோவில் பொட்டலில் ஊர்க்கூட்டம் என்று தண்டோரா போட்டார்கள். பர்மா வரிசைக்கு ஊரணி உண்டா இல்லையா, அதுதான் விசயம்.

இல்லையென்றால் காளவாசல் பள்ளத்துக் கிணறு. ரெண்டு மைல். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. குடித்தால் நாக்கில் உப்பு நிற்கும்.

கூட்டத்துக்குப் பெண்கள் போகிற வழக்கமில்லை. மலையம்மாள் போனாள். ஒரு செம்பில் தண்ணீர் எடுத்து, அதில் நாலு மல்லிகை போட்டு, முந்தானையால் மூடிக்கொண்டு, வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்றாள். தண்ணீர் எதற்கு என்று பிறகு தெரியும்.

பொட்டலில் முத்துராமன்தான் முதலில் எழுந்தார். ஊரணிக்கு மேற்கே நாலு ஏக்கர் வைத்திருப்பவர். கெட்ட மனுசன் இல்லை; காளவாசல்காரன் கூலியைக் குறைத்தபோது வரிசைக்காக அவனோடு சண்டைக்குப் போனவர்.

“எனக்கு யாரு மேலயும் கோபமில்லை. ஊரணி நம்ம பாட்டன் வெட்டுனது, நம்ம வீட்டுக் கணக்குக்கு வெட்டுனது. ஏழு வீடு கூடுனா ஆனி வரைக்கும் வர்ற தண்ணி வைகாசியில முடிஞ்சு போகும். பெறகு நீங்களும் நாக்கைத் தொங்கப் போட வேண்டியதுதான், அவுகளும் தொங்கப் போட வேண்டியதுதான்.”

டீக்கடைக்காரர் உட்கார்ந்தபடியே சொன்னார்: “கோட்டையூர்ல வீட்டுக்கு வீடு தூண் நிக்குதே, அது எந்த ஊரு மரம்? பர்மாத் தேக்குதான? கல்யாணத்துல கவுனி அரிசிப் பாயசம் கேட்டு வாங்கித் திங்கிறீக, அது எங்குட்டு இருந்து வந்துச்சு? மரம் வரலாம், அரிசி வரலாம், மனுசன் வரக் கூடாதா?”

“தேக்குமரம் தண்ணி கேக்காதுப்பா” என்றார் முத்துராமன். பொட்டலே சிரித்தது. டீக்கடைக்காரரும் சிரித்துவிட்டார்.

சின்னக்கருப்பு எழுந்தான். “எங்க அப்பன் இந்தச் சீமையில இருந்துதான் போனாரு. நாங்க தமிழ் ஆளுகதான.”

“அதை யாரு இல்லேன்னா? ஆனா உங்க வீட்டுப் பொம்பளைக சுருட்டுப் பிடிக்குது” என்றது ஒரு குரல்.

“உங்க வீட்டுல அப்பத்தாமாரு மூக்குப்பொடி போடலையா?”

“அது மூக்கு.”

மறுபடி சிரிப்பு. சிரிப்பு அடங்குமுன் இன்னொருவர், “போனவுக போன எடத்துல இருந்திருக்கணும். உங்களை எங்களால தாங்க முடியாது” என்றார்.

மலையம்மாளுக்கு இது புதுசில்லை. பெகுவில் மில் வாசலில் ஒரு பர்மாக்கார மேஸ்திரி இதையே சொல்லியிருந்தான்: உங்களை எங்களால் தாங்க முடியாது, வந்த ஊருக்கே போங்கள். அவனும் நல்லவன்தான். அவன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இவள்தான் கஷாயம் வைத்துக் கொடுப்பாள். இப்போது அதே சொல்லைத் தமிழில் கேட்டதும் முந்தானைக்குள் இருந்த செம்பை இறுக்கிப் பிடித்தாள். பர்மாவில் சித்திரை மாசம், வருசப் பிறப்புக்குத் தண்ணீர்த் திருநாள். ஊரில் மூத்தவர் தோளில் ஒரு செம்பு வாசனைத் தண்ணீர் மெல்ல ஊற்றிக் கும்பிட்டால், அன்றைக்கு அவர் யாரையும் கடிந்து பேசமாட்டார்; பேசக் கூடாது, அது வழக்கம். மில்லில் வருசா வருசம் அவள் செய்தது. அதற்குத்தான் செம்பு.

ஊர்த்தலைமை பார்க்கிற அம்பலம் பெரியணன் வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் கேட்டு, தீர்ப்புச் சொல்ல வாயெடுக்கிற நேரம். மலையம்மாள் பின்னாலிருந்து வந்தாள். அவர் வலது தோளில் செம்புத் தண்ணீரை நிதானமாக ஊற்றினாள். ரெண்டு மல்லிகை துண்டில் ஒட்டிக்கொண்டது. கையெடுத்துக் கும்பிட்டு நின்றாள்.

உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள்.

அவளுக்குத் தெரியாத ஒன்று அங்கே எல்லாருக்கும் தெரியும். நெடுவயலில் ஒரு பெண் ஒரு ஆண்மேல் தண்ணீர் ஊற்றுகிற நாள் ஒன்றுதான்: மாசித் திருவிழாவில் மஞ்சள் நீராட்டு. அன்றைக்கும் யார் வேண்டுமானாலும் யார்மேல் வேண்டுமானாலும் ஊற்ற முடியாது. கொழுந்தியாள் அத்தான்மேல் ஊற்றலாம், மதினி கொழுந்தன்மேல் ஊற்றலாம். கேலிக்கு உரிய முறை இருக்க வேண்டும். முறை இல்லாமல் ஊற்றினால் அவமானம். அபராதம் போடுகிற குற்றம். அதுவும் தண்ணீருக்குப் பஞ்சம் பேசுகிற கூட்டத்தில், ஊர் அம்பலம் தோளிலேயே ஒரு செம்பு.

“பாத்தீகளா மாமா” என்றார் முத்துராமன். “இதைத்தான் சொன்னேன். நம்ம பழக்கம் தெரியாது இவுகளுக்கு. என்ன முறைக்கு ஊத்துனாளாம்னு கேளுங்க. முறையைச் சொல்லட்டும், இல்லேன்னா அபராதம் கட்டட்டும்.”

சின்னக்கருப்பு ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்தான். “நியூ இயருங்க. அங்குட்டு இப்படித்தான்” என்றான் யாரிடமோ. யாரும் கேட்கவில்லை. “முறை, முறை” என்றே பேச்சு.

சங்கதி அம்பலத்தார் வீட்டுக்கு எட்ட எவ்வளவு நேரமாகும்? அவர் பெண்சாதி பொன்னுத்தாயி கொண்டையை முடிந்துகொண்டே வந்துவிட்டாள். வழக்கமில்லாவிட்டாலும் அவளை நிறுத்த அந்த ஊரில் ஆளில்லை. வந்தவள் முதலில் புருசன் தோளைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தின் முகங்களைப் பார்த்தாள். முறையில்லாத ஒருத்தி அம்பலத்தை நனைத்துவிட்டாள் என்று இந்தப் பேச்சு நாளைக்குக் காரைக்குடிச் சந்தை வரைக்கும் போகும். அது அவளுக்குப் புரிந்துவிட்டது.

“ஏத்தா, உன் ஆத்தா எந்த ஊரு?”

“கோவிலூர்ப் பக்கம்னு சொல்லும்” என்றாள் மலையம்மாள். 

“பேரு?”

“வள்ளி.”

“கோவிலூர்ல கல்லை விட்டெறிஞ்சா ஒரு வள்ளி தலையிலதான் விழும். கொலசாமி எது?”

“தெரியல. மில்லுக்குப் பின்னாடி ஒரு கல்லை நட்டுக் கும்புட்டோம்.”

பொன்னுத்தாயி கொஞ்சம் யோசித்தாள். அவளும் கோவிலூர்ப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள்.

“அப்பச் சரியாத்தான் இருக்கு. எங்க சின்னாத்தா ஒருத்தி வள்ளின்னு கப்பல்ல போனா. இவ அவ மக. எனக்குத் தங்கச்சி. கொழுந்தியா அத்தான்மேல ஊத்துறதுக்கு எவன் அபராதம் கேக்குறது?”

பொன்னுத்தாயிக்கு அப்படி ஒரு சின்னாத்தா கிடையாது. அது அம்பலத்தாருக்குத் தெரியும், பொட்டலில் பாதிப் பேருக்குத் தெரியும். மலையம்மாள் கரிய, குள்ளமான மனுசி. பொன்னுத்தாயி செக்கச்செவேலென்று நெட்டை. ஆனால் அம்பலத்தார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “கேட்டுக்கிட்டயா மாப்ளே. முறையாத்தான் ஊத்தியிருக்கா” என்றார்.

முத்துராமன் உட்கார்ந்துவிட்டார். முறை கேட்டது அவர்தான்.

“கொழுந்தியா வீட்டுக்குத் தண்ணியில்லேன்னு எந்த வாயால சொல்றது” என்று அம்பலத்தார் தீர்ப்பை முடித்தார். “அந்த வீடு எடுத்துக்கிறட்டும். மத்த ஆறு வீடு காளவாசல் கெணத்துக்குப் போகட்டும். மழை பேஞ்சா பாப்போம்.”

அன்றைக்குச் சாயங்காலம் மலையம்மாள் ஊரணிப் படியில் தனியாக இறங்கினாள். ஊர்ப் பெண்கள் வழி விட்டார்கள். “கொழுந்தியா வர்றா, ஒதுங்குங்கடி” என்று கேலி வேறு. குடம் நிறைந்தது. வரிசைக்குத் திரும்பினால், ஆறு வாசலிலும் ஆறு காலிக் குடம் உட்கார்ந்திருந்தது. எல்லாருக்கும் கால் குடம் ஊற்றினாள். மறுபடி போனாள். மறுநாளும் போனாள். காளவாசல் வேலை பாதியில் நின்றது, இடுப்பு விட்டுப்போனது.

இடுப்பைவிட வலித்தது வேறு. முன்பெல்லாம் சாயங்காலம் ஏழு வீட்டுப் பெண்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசுவார்கள். இப்போது அவள் வந்தால் பேச்சு நின்றது. ஷரபுன்னிசாதான் ஒருநாள் வாயைவிட்டுச் சொன்னாள்.

“அம்பலகாரவுக கொழுந்தியா, எங்களுக்கும் ஒரு சொட்டுக் கிடைக்குங்களா?”

“ஏண்டி இப்படிப் பேசுறே. கேக்காமயே ஊத்துறேன்ல.”

“அதான் சொல்றேன். கப்பல்ல ஒரே சட்டியில தின்னோம். இப்ப நீ ஊத்துறே, நான் ஏந்துறேன்.”

மலையம்மாள் சுருட்டைப் பற்றவைத்தாள், பிடிக்கவில்லை, அணைத்தாள். “குடத்தை எடு” என்றாள்.

“எங்க?”

“எடுடி.”

படித்துறையில் அப்போது நல்ல கூட்டம். முத்துராமன் பெண்சாதி முத்தழகு கீழ்ப்படியில் குனிந்திருந்தாள். பொன்னுத்தாயி மேலே உட்கார்ந்து குடத்தைப் புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள். ஷரபுன்னிசா முதல் படியில் காலை வைத்ததும் முத்தழகு நிமிர்ந்தாள்.

“இது யாரு?”

“என் நாத்தனா” என்றாள் மலையம்மாள்.

“ராவுத்தர் வீட்டுப் பொண்ணு உனக்கு எப்படி நாத்தனாவாச்சு?”

“நான் உங்க ஊருக்குக் கொழுந்தியா ஆன மாதிரிதான்.”

ஒருத்தி களுக்கென்று சிரித்து, முந்தானையை வாயில் வைத்து அடக்கினாள். மற்றவர்கள் பொன்னுத்தாயியைப் பார்த்தார்கள். ஷரபுன்னிசா நாத்தனார் இல்லையென்று சொன்னால், கோவிலூர் வள்ளி சின்னாத்தா இல்லையென்றும் ஆகிவிடும். சின்னாத்தா இல்லையென்றால் அம்பலத்தார் தோளில் விழுந்த தண்ணீருக்கு என்ன பேர்? பொன்னுத்தாயி புளியை வழித்து எறிந்துவிட்டு எழுந்தாள்.

“பேச்சு எதுக்குடி? வெளக்கு வைக்கிற நேரமாச்சு. அவ மோக்கட்டும்.”

முத்தழகு தன் குடத்தை நகர்த்தினாள். ஒரு சாண்தான் நகர்த்தினாள். ஷரபுன்னிசா குனிந்து மொண்டாள்.

அந்த வாரத்திலேயே வரிசையில் மற்ற வீடுகளுக்கும் முறை கிடைத்தது. ஒருத்தி மாமியார், ஒருத்தி சம்பந்தி, ஒருத்திக்கு என்ன முறை என்று கடைசிவரை யாரும் முடிவுபண்ணவில்லை, அவளும் மொண்டாள். ஆண்கள் திரும்பக் கூட்டம் போடவில்லை. போட்டால் பொன்னுத்தாயி வருவாள்.

வைகாசி தாண்டவில்லை, ஊரணி வறண்டது. முத்துராமன் கணக்குத் தப்பவில்லை. அடியில் ஊற்றுத் தோண்டிப் பார்த்தார்கள், சேறுதான் வந்தது. நெடுவயல் முழுக்கக் குடங்களோடு காளவாசல் பள்ளத்துக்கு நடந்தது.

அங்கே வழி தெரிந்தவர்கள் காளவாசலுக்கு வேலைக்குப் போய்வந்த பர்மா வரிசைப் பெண்கள்தான். கிணற்றின் வடக்கு மூலையில் இறைத்தால் உப்புக் கொஞ்சம் குறைவு என்று ஷரபுன்னிசா முத்தழகுக்குக் காட்டிக் கொடுத்தாள். முத்துராமன் வண்டியில் ரெண்டு பீப்பாய் வைத்துக்கொண்டு வந்திருந்தார். மலையம்மாளைக் கண்டதும் வண்டியை நிறுத்தினார்.

“நான் அன்னைக்கே சொன்னேன், பத்தாதுன்னு.”

“சொன்னீகதாண்ணே” என்றாள் மலையம்மாள். “பத்தலைதான்.”

அவர் மேலே ஏதோ சொல்ல வந்தார். என்ன தோன்றியதோ, பீப்பாயைத் தள்ளி வைத்து இடம் பண்ணினார். “குடத்தை ஏத்து. அந்தப் பிள்ளை குடத்தையும் வாங்கு. ரெண்டு மைலு நடக்கணும்ல.”

மலையம்மாள் குடத்தை ஏற்றினாள். ஷரபுன்னிசா குடத்தையும் வாங்கி ஏற்றிவிட்டு, ரெண்டு பேரும் வண்டிக்குப் பின்னால் நடந்தார்கள்.