கழலாத போல்ட்டு

என் வீட்டுக்காரர் செத்த பிறகு அவருடைய அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனார். முதலில் டீசல் பம்ப்செட், அப்புறம் மருந்தடிக்கிற டேங்க், அப்புறம் வரப்பு. வரப்பை எப்படி எடுப்பார்கள் என்று கேட்கலாம். உழவுக்கு உழவு ஒரு சாண் எங்கள் பக்கம் தள்ளிப் போட்டால் வரப்பும் போகும். கடைசியில் மாட்டுக் கொட்டகையில் நின்ற பழைய மோட்டார் சைக்கிள் அவர் கண்ணில் பட்டது. சட்டம் இற்றுப்போய்விட்டது, இஞ்சின் மட்டும் நல்லது, ஓசூரில் ஒருத்தர் கேட்கிறார் என்று ஊரெல்லாம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை.

சொல்லவும் மாட்டார். புருஷனுடைய அண்ணன் எதிரில் நிற்கக்கூடாது, முகம் பார்த்துப் பேசக்கூடாது என்றே வளர்ந்தவள் நான். கல்யாணமானதிலிருந்து நாங்கள் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் மாட்டைப் பார்த்துச் சொல்வேன். அவர் கூரையைப் பார்த்துச் சொல்வார். நான் கூச்சக்காரி, எனக்கு அது தோதாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த வண்டியைக் கொடுக்க எனக்கு மனமில்லை. மற்றதெல்லாம் மாமனார் சொத்து, பங்காளி வழக்கு. வண்டி அப்படியில்லை. அது என் வீட்டுக்காரர் கல் உடைத்து வாங்கியது. அதையும் கொடுத்துவிட்டால் அவர் இந்த வீட்டில் இருந்தார் என்பதற்கு ஒரு துண்டு இரும்புகூட மிஞ்சாது.

ஒருநாள் காலையில் அண்ணன் இஞ்சினைக் கழற்ற நல்லம்பள்ளியிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் தவிடு கலக்கிக்கொண்டிருந்தேன். மாட்டுக்குப் பின்னால் ஒதுங்கினேன். வெளியே மட்டும் போகவில்லை.

"மாட்டு மூத்திரம் பட்டுப் பட்டுத் துரு உள்ளாற எறங்கிருச்சுங்க. இந்த போல்ட்டெல்லாம் லேசுல வராதுங்க" என்றார் மெக்கானிக்.

"வூட்ல யாராச்சும் இருந்தா கொஞ்சம் டீசல் குடுங்க" என்றார் அண்ணன், கூரையைப் பார்த்து.

"பம்ப்செட்டே போயிருச்சு, டீசலுக்கு எங்க போறது" என்றேன் மாட்டிடம்.

மெக்கானிக் நிமிர்ந்தார். "யாருகிட்டங்க ஆயா பேசறீங்க?"

"மாட்டுகிட்ட."

"அது பதில் சொல்லுதுங்களா?"

"மனுசனுக்கு இது தேவலீங்க."

மெக்கானிக் தன் பையிலிருந்த எண்ணெயையே ஊற்றி ஊறவிட்டார். ஸ்பேனரின் பிடியில் நீளக் குழாயைச் சொருகித் திருகினார். ஒரு போல்ட்டு கீச்சென்று கத்திக்கொண்டு வந்தது. ஒன்று தலையோடு முறிந்தது. அடியில் இருந்த ஒன்று மட்டும் அசையவே இல்லை.

அதற்குக் காரணம் துரு இல்லை. இண்டூர் ரோட்டுக் குலுக்கலில் அந்த போல்ட்டு அடிக்கடி கழன்று விழும். சலித்துப்போய் என் வீட்டுக்காரர் வண்டியை இரும்புக் கேட் அடிக்கிறவரிடம் தள்ளிக்கொண்டு போய், போல்ட்டையும் நட்டையும் சட்டத்தோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டார். புத்தியுள்ளவன் எவனும் அப்படிச் செய்யமாட்டான். அவர் செய்தார். மேலே சாணமும் துருவும் ஏறியதில் பற்றவைத்த இடம் மறைந்துவிட்டது.

மெக்கானிக் வெளியே தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னேன்: "அது பத்த வெச்சதுடி. எத்தன திருகுனாலும் வராது. அறுத்துத்தான் எடுக்கணும்."

அண்ணனுக்குக் கேட்டது. குனிந்திருந்தவரின் கழுத்து லேசாகத் திரும்பியது.

"பொம்பள பேச்சக் கேட்டா இரும்பு வேல ஆவுமா" என்று கூரைக்குச் சொல்லிவிட்டுச் சுத்தியலை எடுத்தார்.

இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். எனக்கு இஷ்டமில்லை. அடிக்கட்டும் என்று நின்றேன்.

அடித்தார். ஓடு உடைவது மாதிரி ஒரு சத்தம். போல்ட்டு அப்படியேதான் இருந்தது. அது நுழைகிற இஞ்சின் காதுதான் உடைந்து, விரிசல் அடிவயிறு வரைக்கும் ஓடியிருந்தது. கறுப்பு ஆயில் சாணத்தில் சொட்டியது.

ஓடிவந்த மெக்கானிக் அந்த இடத்தைச் சுரண்டிப் பார்த்தார். "போச்சுங்க. வெல்டிங் வெச்சிருக்குதே, பாக்கலீங்களா? இனி இத சும்மா குடுத்தாலும் ஓசூர்க்காரன் எடுக்கமாட்டான்."

அண்ணன் கூரையை மறந்தார். நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"தெரிஞ்சுக்கிட்டே வாய மூடிட்டு நின்னயா?"

தவிட்டுச் சட்டியைக் கீழே வைத்தேன்.

"சொன்னனே மாமா. மாட்டுக்குக் கேட்டுச்சு."

மெக்கானிக் சிரித்துவிட்டார். அண்ணன் சுத்தியலை எறிந்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வருவதில்லை. நான் வாய்க்கொழுப்பெடுத்தவள் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாராம். வண்டி உடைந்துதான் நிற்கிறது. நிற்கட்டும்.